சூறாவளி குடும்பம் நடத்திய பத்து நாள்

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் லிஃப்ட் மெக்கானிக் முதன்முதலாக "முடியாது" என்றார்.

சும்மா சொல்லவில்லை. கையிலிருந்த டீ டம்ளரை மேஜைமேல் டொக்கென்று வைத்துவிட்டுச் சொன்னார். டீ பாதி மேஜையில் கொட்டியது. அதை அவரே துடைத்தார். துடைத்துக்கொண்டே இன்னொரு தடவையும் சொன்னார்.

"முடியாதுன்னா முடியாது. இந்த வீட்டுல நானும் ஒரு தடவை பேசிக்கிறேன்."

"பேசுங்க. அப்படியே அந்த ஓரத்துலயும் துடைச்சிடுங்க" என்றாள் மனைவி.

விஷயம் இதுதான். மனைவிக்கு டென்டல் லேபில் வேலை. ஊரார் கழற்றி டம்ளரில் போட்டு வைக்கிற பல் செட்டெல்லாம் அவள் கைப்பட மெழுகில் செதுக்கி வார்த்தவை. இப்போது லேபுக்குப் புது மெஷின் வருகிறது. கம்ப்யூட்டரில் பல்லை வரைந்து கொடுத்தால் மெஷினே செய்து தள்ளிவிடுமாம். அதைக் கற்றுக்கொள்ள வெளியூரில் பத்து நாள் பயிற்சி. ஒரே ஒரு ஆளைத்தான் அனுப்புவார்கள். முதலாளி அவளைக் கேட்டிருந்தார். போய் வந்தால் லேபுக்கே அவள்தான் பொறுப்பு. போகாவிட்டால், நேற்று சேர்ந்து, கடைவாய்ப் பல்லுக்கும் முன்பல்லுக்கும் வித்தியாசம் தெரியாத பெண் போவாள். பிறகு ஆயுசுக்கும் அந்தப் பெண் சொல்லி இவள் கேட்கவேண்டும்.

அவளுக்குப் போகவேண்டும். அவ்வளவு ஆசையாக அவள் எதையும் கேட்டதில்லை.

மெக்கானிக்கோ கணக்குப் போட்டுப் பார்த்தார். பத்து வயதில் ஒரு மகள், ஆறு வயதில் ஒரு மகள். ஆளுக்கு இரண்டு பின்னலாக நாலு பின்னல். இரண்டு டிபன் பாக்ஸ். இதையெல்லாம் பத்து நாளைக்கு ஒற்றை ஆளாக! ஆனால் பயம் என்று சொல்ல ஆண்பிள்ளைக்கு நாக்கு வருமா? கொள்கை என்று சொன்னார்.

"என்ன கொள்கை அது?" என்று கேட்டாள் மனைவி.

"சொன்னா உனக்குப் புரியாது."

"பயமா இருக்குன்னா சொல்லிடுங்க. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

"பயமா? எனக்கா? பதினெட்டு மாடி லிஃப்ட் கூண்டு மேல நின்னு வேலை பாக்கறவன்டி நான்!"

"அங்க யாரும் உங்களை ரெட்டைப் பின்னல் போடச் சொல்றதில்லையே."

மெக்கானிக் மார்பை நிமிர்த்தி மூன்றாவது தடவையாக "முடியாது" என்றார். மனைவி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அனுபவப்பட்ட கணவனாக இருந்தால் அந்த இடத்தில் உஷாராகியிருப்பான். நம்மவர் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

இவ்வளவு பெரிய வெற்றியை எங்கேயாவது எழுதிவைக்க வேண்டாமா? அதற்கு அவருக்கு ஓர் இடம் இருந்தது.

சூறாவளி என்று ஒரு சாகச வீரன். நாற்பத்துமூன்று பாகம், எல்லாம் சட்டைப் பைக்குள் அடங்குகிற சின்னப் புத்தகங்கள். ஓடுகிற ரயிலிலிருந்து குதிப்பான். தலைமுடி ஊசியை வைத்து வெடிகுண்டைச் செயலிழக்க வைப்பான். நாற்பத்துமூன்றாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் கல்யாணம் பண்ணிக்கொள்வான். அத்தோடு எழுதியவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். கல்யாணத்துக்குப் பிறகு எழுத என்ன சாகசம் இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ!

ரசிகர்கள் விடுவார்களா? செல்போனில் 'சூறாவளி ரசிகர் மன்றம்' என்று ஒன்றை ஆரம்பித்து, மீதிக் கதையை ஆளாளுக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். மன்றத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். மூலக்கதைக்கு விரோதமாக ஒரு வரி வரக்கூடாது. தப்பு என்று சொல்கிறவர் பாகம் எண், பக்கம் எண்ணோடு காட்டவேண்டும். காட்டிவிட்டால் எழுதியவர் திருத்தியே ஆகவேண்டும்.

அந்த மன்றத்தில் மெக்கானிக்குக்குப் பெயர் 'அடங்காதவன்'.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மொட்டைமாடி மோட்டார் அறையில் உட்கார்ந்து அடங்காதவன் 'சூறாவளியின் குடும்பம்' என்ற கதையை ஆரம்பித்தார். 'சூறாவளி கர்ஜித்தான்: முடியாது! வீடு அதிர்ந்தது. அவன் மனைவி தலைகுனிந்தாள். இரண்டு மகள்களும் சுவரோடு சுவராக விறைத்து நின்றார்கள். அந்த வீட்டில் அவன் சொன்னால் சொன்னதுதான்.' எழுதி முடித்துப் படித்தபோது அவருக்கே புல்லரித்தது. சாப்பாட்டை மறந்தேவிட்டார்.

எழுதும்போது அவருக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டுதான் தட்டுவார். மோட்டார் அறையில் பரவாயில்லை. அன்று ராத்திரி வீட்டுக் குளியலறையில் உட்கார்ந்தும் அப்படித்தான் திருத்தினார்.

மறுநாள் காலை மன்றத்தில் போட்டதும் ஏழு பேர் இதயம் போட்டார்கள். எட்டாவதாக 'மூத்த வாசகர்' என்ற பெயரில் ஒருவர் வந்தார். இதயம் போடவில்லை.

'பாகம் பதினேழு, பக்கம் எண்பத்துநாலு. எனக்கு முடியாது என்ற சொல்லே தெரியாது என்கிறான் சூறாவளி. தெரியாத சொல் இப்போது மட்டும் எப்படித் தெரிந்தது?'

மெக்கானிக் சாயந்திரம் வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பழைய பெட்டியை இழுத்தார். பதினேழாம் பாகம், எண்பத்துநாலாம் பக்கம். இருந்தது. எழுத்துப் பிசகாமல் இருந்தது.

ஆனாலும் அடங்காதவன் அடங்குவாரா? பதில் போட்டார்: 'அது எதிரியிடம் சொன்னது. இது மனைவியிடம் சொல்வது.'

மூத்த வாசகர் கேட்டார்: 'அப்படியானால் சூறாவளிக்கு எதிரியைவிட மனைவியிடம் பயம் அதிகமா?'

முந்நூறு பேர் சிரித்தார்கள். சிரிக்கிற மூஞ்சியாக வரிசையாகப் போட்டு வைத்திருந்தார்கள். மெக்கானிக்குக்குக் காது சிவந்துவிட்டது. 'சூறாவளிக்குப் பயமா? அவன் நினைத்தால் மனைவியைப் பத்து நாள் வெளியூருக்கு அனுப்பிவிட்டு வீட்டை ஒற்றைக் கையால் நடத்துவான்' என்று எழுதினார்.

'எழுதிக் காட்டுங்கள்' என்றார் மூத்த வாசகர்.

மறுநாள் மத்தியானத்துக்குள் எழுதிக் காட்டு, எழுதிக் காட்டு என்று மன்றமே கிளம்பிவிட்டது.

"காட்டறேன்டா" என்றார் மெக்கானிக். மோட்டார் அறையில் வேறு யாரும் இல்லை. மோட்டாரைப் பார்த்துத்தான் சொன்னார்.

கதையில் முதல் நாளை ஒரே வரியில் முடித்தார். 'காலையில் குழந்தைகளைத் தயார்செய்து பள்ளிக்கு அனுப்பினான் சூறாவளி.' அரை மணி நேரத்தில் மூத்த வாசகர் ஆஜர். 'பாகம் ஒன்பதில் ஒரு பூட்டைத் திறக்க ஆறு பக்கம். இரண்டு குழந்தைகளைக் கிளப்ப ஒரு வரிதானா? எத்தனை மணிக்கு எழுந்தான்? பால் எவ்வளவு? சாக்ஸ் எங்கே இருந்தது?'

சாக்ஸ் எங்கே இருக்கும்? மெக்கானிக் யோசித்துப் பார்த்தார். பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டில் குடியிருக்கிறார். சாக்ஸ் கால்களில்தான் இருக்கும் என்பதற்குமேல் அவருக்குத் தெரியவில்லை.

வேறு எவனாவது இருந்தால் வாய்க்கு வந்ததை எழுதியிருப்பான். இவர் லிஃப்ட் மெக்கானிக். கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, அளந்து பார்க்காமல் சர்வீஸ் கார்டில் ஒரு கோடு கிழிக்கமாட்டார். தப்பாக எழுதினால் பதினெட்டாவது மாடியில் யாராவது மாட்டிக்கொள்வார்கள். அந்தத் தொழில் புத்தி கதையிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. மறுநாள் விடிந்ததும் கையில் கடிகாரத்தோடு வீட்டின் நட்டநடுவில் போய் நின்றார்.

"என்னங்க, நடுவுல நந்தி மாதிரி நிக்கறீங்க? நகருங்க" என்றாள் மனைவி.

"சின்னவ சாக்ஸ் எங்க வைக்கிற?"

"இடது பக்கம் ரெண்டாவது தட்டு. எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மா. ஒரு பொது அறிவு."

"பெரியவளுக்கு எவ்வளவு பால்னு தெரியுமா?"

"தெரியாது. சொல்லு, குறிச்சிக்கிறேன்."

"பொது அறிவை யாராவது குறிச்சுக்குவாங்களா?"

"நீ உன் வேலையைப் பாரு" என்று அதட்டினார் மெக்கானிக். அதட்டிவிட்டுக் குறித்துக்கொண்டார். எழுந்தது ஐந்து நாற்பது. பால் கொதித்தது ஆறு ஐந்து. பள்ளி வேன் ஹாரன் அடித்தது ஏழு பதினெட்டு.

மூத்த வாசகருக்குத் திருப்தி வரவில்லை. 'பின்னல் போட்டான் என்று இருக்கிறது. எப்படிப் போட்டான்? கயிறு கட்டுவதில் சூறாவளிக்கு நிகரில்லை, பாகம் இருபத்திரண்டு.'

மெக்கானிக் பெரியவளைக் கூப்பிட்டார்.

"அப்பாவா பின்னப் போறீங்க?"

"ஒரு ஆராய்ச்சிக்குத்தான். அசையாம உக்காரு."

"வலிச்சா கத்தலாமா?"

"சூறாவளி பொண்ணு கத்தமாட்டா."

"அது யாரு?"

"திரும்பாத!"

எஃகுக் கயிற்றை முறுக்கிப் பழகிய கை அது. சாயந்திரம் பெரியவள் வந்து சொன்னாள்: "அப்பா, டீச்சர் என்னைப் பார்த்து ஏன் நாள் பூரா ஆச்சரியமாவே இருக்கேன்னு கேட்டாங்க. புருவம் கீழ இறங்கவே இல்லப்பா." அடுத்த நாள் கொஞ்சம் தளர்த்திப் போட்டார். அதற்கடுத்த நாள் நன்றாகவே வந்தது. நாலாம் நாள் சின்னவளும் வந்து முன்னால் உட்கார்ந்தாள். மனைவி கதவோரம் நின்று சீப்பை எடுத்துக் கொடுத்தாள். 

மெக்கானிக்குக்குச் சந்தேகம் வராமல் இல்லை. அவர் ஒன்றும் அவ்வளவு அப்பாவி அல்ல. இந்த மூத்த வாசகர் ஏன் பாலையும் சாக்ஸையும் விடாமல் கேட்கிறார்? ஒருவேளை இவளாக இருக்குமோ? ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு சோதனை வைத்தார். மனைவி முழங்கை வரை சோப்பு நுரையோடு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் செல்போன் அலமாரிமேல் சார்ஜில் கிடந்தது. இரண்டையும் பார்க்கிற மாதிரி நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வேண்டுமென்றே ஒரு தப்போடு கதையின் ஐந்தாம் நாளை வெளியிட்டார். சூறாவளி வெள்ளைச் சட்டையையும் சிவப்புச் சட்டையையும் ஒன்றாக ஊறவைத்தான் என்று.

பத்தாவது நிமிஷம் அவர் கையிலிருந்த போன் டிங்கென்றது. 'சாயம் ஒட்டாதா? பாகம் முப்பத்தொன்றில் மைக்கறையை வைத்துத்தானே திருடனைப் பிடித்தான்! கறையைப் பற்றித் தெரியாதவனா அவன்?'

மனைவி இன்னும் அதே கடாயைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாவம், இவளைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று மெக்கானிக்குக்கு மனசு உறுத்தியது. பிராயச்சித்தமாக மீதிப் பாத்திரங்களை அவரே தேய்த்தார்.

அன்றைக்கே அக்காவுக்குப் போன் போட்டார். அக்கா அவருக்கு நாலு வயது பெரியவள், வேறு ஊரில் இருக்கிறாள். அவளுக்கும் அவர் மனைவிக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அவர் தரப்புக்கென்று உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆள் அக்காதான் என்பது அவருடைய நம்பிக்கை.

"அக்கா, நான் முடியாதுன்னு சொல்லிட்டேன்."

"நல்லா சொன்னடா தம்பி. உன் பொண்டாட்டி பேரையே என் காதுல போடாத. நீ வேற என்ன பண்ற?"

"கதை எழுதறேன். ஒருத்தன் வந்து குடைஞ்சு எடுக்கிறான்க்கா."

"விடாதடா. அவன் கேக்கக் கேக்க எழுது. பத்து நாளையும் எழுதி அவன் வாயை அடைச்சிடு. நம்ம குடும்பத்துல யாரும் பாதியில விட்டதில்லை."

மெக்கானிக்குக்கு யானை பலம் வந்தது.

ஏழாம் நாளில் சின்ன மகளுக்குக் காய்ச்சல் வரட்டும் என்றார் மூத்த வாசகர். மெக்கானிக் டாக்டர் நம்பரைக் கேட்டு வாங்கினார். மருந்து எத்தனை மில்லி, ஈரத்துணியை எப்போது மாற்றுவது, எல்லாம் விசாரித்து வைத்துக்கொண்டார். ஆனால் எழுத உட்கார்ந்தபோது ஒரு வரிக்குமேல் ஓடவில்லை. சூறாவளியின் சின்ன மகள் கண்ணை மூடிக்கொண்டு "அம்மா எப்ப வரும்?" என்று கேட்டாள். அதற்குச் சூறாவளி என்ன சொல்வான்? நாற்பத்துமூன்று பாகத்தையும் மனசுக்குள் புரட்டினார். எங்கேயும் இல்லை. ரயிலிலிருந்து குதிப்பவனுக்கு இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியவில்லை. மெக்கானிக் மோட்டார் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

கடைசியில் எழுதினார். 'சூறாவளி ஒன்றும் சொல்லவில்லை. மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்தான். சாயந்திரம்வரை நடந்தான். அவள் தூங்கினாள். அவன் நடப்பதை நிறுத்தவில்லை.'

அதற்கு ஆயிரத்து நூறு இதயம். மூத்த வாசகர்கூட அன்றைக்குப் பக்க எண் கேட்கவில்லை. அவரும் ஒரே ஒரு இதயம் போட்டுவிட்டுப் போனார்.

அன்று சாயந்திரம் மெக்கானிக் வீட்டுக்கு வந்ததும் சின்னவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "எனக்கு ஜுரம் இல்லையேப்பா" என்றாள் அவள். "இருந்தா என்ன, இல்லாட்டி என்ன" என்று நாலு சுற்று நடந்தார்.

பத்தாம் நாள் கதை அமர்க்களமாக முடிந்தது. சூறாவளியின் மனைவி திரும்பி வருகிறாள். வீடு பளபளக்கிறது. மகள்களின் பின்னலில் ஒரு முடி பிசகவில்லை. சூறாவளி கையைக் கட்டிக்கொண்டு கர்ஜிக்கிறான்: 'இனி நீ எப்போது வேண்டுமானாலும் புறப்படலாம். இந்த வீட்டை நான் பார்த்துக்கொள்வேன். இது சூறாவளி கொடுக்கும் வாக்கு!'

இரண்டாயிரம் இதயம். கூடவே அவர் இத்தனை நாள் காத்திருந்த வரி வந்து சேர்ந்தது: 'அடங்காதவன் அவர்களே, தோற்றுவிட்டேன். சூறாவளியால் முடியாதது எதுவும் இல்லை. மூத்த வாசகர்.'

மெக்கானிக் மோட்டார் அறையில் தைதையென்று குதித்தார். அன்று முழுக்க எந்த லிஃப்டில் ஏறினாலும் சீட்டியடித்தார். வீட்டுக்குள் நுழையும்போதும் அடித்துக்கொண்டேதான் நுழைந்தார். ஹாலில் பெட்டி ஒன்று நின்றது. சமையலறை அலமாரிக் கதவில் வரிசையாகப் பத்துத் தாள்கள் ஒட்டியிருந்தன. சீட்டி பாதியில் நின்றது.

"என்ன இதெல்லாம்?"

"உங்க கதைதான். பிரிண்ட் போட்டேன். கர்ஜனையெல்லாம் அடிச்சிட்டு மணி, அளவு, இடம் மட்டும் வச்சிருக்கேன். நாளைக்கு காலையில எனக்கு ரயில். நாளைக்கு முதல் தாள், நாளன்னைக்கு ரெண்டாவது தாள்."

"நான்தான் முடியாதுன்னு சொன்னேனே!"

"சொன்னீங்க. சூறாவளி முடியும்னுட்டானே."

"அது கதைடி!"

"கதையா? ஊர் உலகத்துல எந்த சூறாவளி வீட்டுல சாக்ஸ் இடது பக்கம் ரெண்டாவது தட்டுல இருக்கு? எந்த சூறாவளி வீட்டுக்கு ஏழு பதினெட்டுக்கு வேன் வருது?"

மெக்கானிக் மகள்கள் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்கடி. அப்பாவால முடியுமா?"

முடியாது என்று சொல்வார்கள் என்று எதிர்பார்த்துத்தான் கேட்டார். "அம்மா பின்னினா மத்தியானமே அவுந்துடும்ப்பா. நீங்க பின்னினா அவுக்கவே முடியல" என்றாள் பெரியவள். சின்னவள் ஏற்கெனவே அவர் தோளில் ஏற வழி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் எழுதறது உனக்கு எப்படித் தெரியும்?" என்று மனைவியிடம் பாய்ந்தார்.

"முதல் நாளே பாத்ரூம்லேர்ந்து 'சூறாவளி கர்ஜித்தான்'னு சத்தம் வந்துது. பக்கத்து வீட்டுக்காரங்க வந்து யாருக்கு என்ன ஆச்சுன்னு விசாரிச்சாங்க."

"அப்ப அந்த மூத்த வாசகர் யாரு? நீ இல்ல. அதை நான் சோதிச்சுப் பார்த்துட்டேன்."

"நான் இல்லதான். எனக்கு சூறாவளியும் தெரியாது, சுண்டெலியும் தெரியாது. அந்த நாற்பத்துமூணு புஸ்தகத்தையும் சின்ன வயசுல உங்களுக்குப் படிச்சுக் காட்டினது யாரு? நல்லா யோசிங்க."

மெக்கானிக் யோசித்தார். யோசிக்க யோசிக்க வாய் திறந்துகொண்டே போனது.

"அக்காவா? நீங்க ரெண்டு பேரும்தான் பேசிக்கறதே இல்லையே!"

"பெரியவ சொல்லி உங்க கொள்கையைக் கேள்விப்பட்டதும் அவங்களே போன் பண்ணிட்டாங்க. பாத்ரூம் கர்ஜனையைச் சொன்னேன், மன்றத்துல அது நீங்கதான்னு கண்டுபிடிச்சிட்டாங்க. 'இவனை இப்படியே விட்டா நம்ம பரம்பரைக்கே கெட்ட பேரு'ன்னாங்க. அன்னியிலேர்ந்து தினமும் பேசறோம்."

உலகத்திலேயே அவர் தரப்பில் இருந்த ஒரே ஆளும் கட்சி மாறியாயிற்று. ஆனாலும் அடங்காதவன் அடங்கவில்லை. அதைச் சொல்லியே ஆகவேண்டும். சின்னவளைத் தோளில் சரிப்படுத்திக்கொண்டு, ஆள்காட்டி விரலை நீட்டினார்.

"சரி. போ. நல்லாக் கத்துக்கிட்டு வா. அந்த நேத்து வந்த பொண்ணுக்கெல்லாம் நீ மேல வரணும், அதுல எனக்கும் ஆசைதான். ஆனா ஒண்ணு. நான் எழுதினது பத்து நாளைக்குத்தான். பத்துன்னா பத்தே பத்து. பதினோராவது நாள் பொழுது விடியும்போது நீ இங்க இருக்கணும். அதுல ஒரு நிமிஷம்கூட நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். தெரிஞ்சுதா?"

மனைவி பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினாள். முகத்தில் அவ்வளவு மரியாதை.

"பயிற்சி பத்து நாள்தாங்க. அது முடிஞ்சதும் உங்க அக்கா நேரா அங்கயே வந்துடறாங்க, நாங்க ரெண்டு பேரும் ஒரு அஞ்சு நாள் ஊர் சுத்திட்டு வரோம். அதுக்குள்ள நீங்க ரெண்டாம் பாகத்தை எழுதிடுங்க."